பிறர் எழுதிய நிரலைப் பாவிப்பது களவா?

நமது பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்கும் ஒரு பிள்ளை தனது செயற்றிட்டத்தைக் கொண்டுவந்து காட்டினால், பெரும்பாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "எல்லாம் நீயே எழுதினதா?"

"ஓம் சேர், ஒரு வரி விடாம நானே எழுதினேன்" என்றால் பாராட்டு. "இந்த ரெண்டு பகுதியும் நூலகத்திலிருந்து எடுத்தது சேர்" என்றால் முகம் மாறுகிறது. சில இடங்களில் புள்ளியும் குறைகிறது.

அதே பிள்ளை நாளை பல்கலைக்கழகம் முடித்து ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தால், அங்கே கேள்வி தலைகீழாக இருக்கும்: "இதற்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒரு கூறு ஏற்கெனவே இருக்கிறதே, ஏன் மூன்று நாள் செலவழித்து எழுதினாய்?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியதுதான் இந்தப் பதிவு. சற்று நீளமானது. கணினி ஆசிரியர்களும், பிள்ளைகளைக் கணினித் துறைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோரும் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறோம்.

கதவு போடும் ஓடாவியை யோசித்துப் பாருங்கள். பிணைச்சலையும் திருகாணியையும் அவர் உலை மூட்டி வார்ப்பதில்லை. கடையில் வாங்குகிறார். அதற்காக அவரை யாரும் அரைகுறை ஓடாவி என்று சொல்வதில்லை. எந்தப் பிணைச்சல் எந்தக் கதவின் பாரத்தைத் தாங்கும், கடற்கரையோர வீட்டுக்கு எது துருப்பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். நாம் கூலி கொடுப்பது அந்த அறிவுக்கு.

மென்பொருளிலும் இதே கதைதான். இது புதிய சோம்பேறித்தனமும் அல்ல. கணினியின் வயதே இந்தப் பழக்கத்தின் வயது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொரிஸ் வில்க்ஸ் குழுவினர் உருவாக்கிய எட்சாக் கணினி 1949 மே மாதத்தில் தனது முதல் செய்நிரலை இயக்கியது. வெகு சீக்கிரமே அவர்களுக்கு ஒன்று புரிந்தது: ஒவ்வோர் ஆய்வாளரும் வர்க்கமூலம், சைன், அச்சிடல் என்று அதே சிறு வேலைகளைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள், திரும்பத் திரும்ப அதே பிழைகளையும் விடுகிறார்கள். ஆகவே, சரிபார்க்கப்பட்ட துணைச்செய்நிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதிந்து ஓர் அலுமாரியில் அடுக்கி வைத்தார்கள். தேவைப்பட்டவர் நாடாவை எடுத்துத் தனது செய்நிரலோடு சேர்த்துக்கொண்டார். 1951 அளவில் அந்தச் சேகரிப்பில் 87 துணைச்செய்நிரல்கள் இருந்தன. இன்று நாம் "நூலகம்" என்று சொல்லும் சொல்லுக்குப் பின்னால் உண்மையிலேயே ஓர் அலுமாரி இருந்தது.

1968 ஒக்டோபரில் ஜேர்மனியின் காமிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் மென்பொருள் பொறியியல் மாநாடு ஒன்று நடந்தது. மென்பொருள்கள் தாமதமாகின்றன, செலவு கட்டுமீறுகிறது, பிழைகள் மலிந்திருக்கின்றன என்பதுதான் அங்கு எல்லோருடைய கவலையும். அங்கே பெல் ஆய்வுகூடத்தின் டக்ளஸ் மக்கில்ராய் ஒரு யோசனையை முன்வைத்தார்: மற்றத் தொழில்களில் உதிரிப்பாகங்கள் பட்டியல் போட்டு விற்கப்படுவதுபோல மென்பொருளுக்கும் கூறுகள் பெருமளவில் தயாரிக்கப்பட வேண்டும். ஒரே சைன் கணிப்பாக இருந்தாலும், துல்லியம், வேகம், நினைவக அளவு என்பவற்றுக்கேற்ப வெவ்வேறு வகைகள் கிடைக்க வேண்டும். வாங்குபவர் தனது தேவைக்குப் பொருந்துவதைத் தெரிவுசெய்ய வேண்டும். இன்று பைதனில் ஒரு வரி எழுதி நாம் வரவழைக்கும் பொதிகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்த யோசனையின் பிள்ளைகள்தான்.

சரி, இதனால் உற்பத்தித்திறன் எப்படிக் கூடுகிறது? பாடவிதானத்திலிருந்தே ஓர் உதாரணம்.

குமிழி முறையில் வரிசைப்படுத்துவதை உயர்தரப் பிள்ளைகள் கற்கிறார்கள். 10,000 பெயர்களை அந்த முறையில் வரிசைப்படுத்த ஏறத்தாழ 5 கோடி ஒப்பீடுகள் வரை தேவைப்படும். பைதனில் ஏற்கெனவே உள்ள வரிசைப்படுத்தும் கட்டளை அதையே ஏறத்தாழ 1.2 இலட்சம் ஒப்பீடுகளில் முடிக்கிறது. அதற்குள் இருப்பது டிம் பீட்டர்ஸ் 2002இல் பைதனுக்காக வடிவமைத்த முறை. பட்டியலில் ஏற்கெனவே ஒழுங்காக இருக்கும் துண்டுகளைக் கண்டுபிடித்து இணைக்கும் புத்தி அதற்கு உண்டு. பிற்காலத்தில் ஜாவாவும் அதை எடுத்துக்கொண்டது. ஒருவர் ஒருமுறை ஆழமாக யோசித்தார். உலகம் முழுவதும் இலட்சக்கணக்கான செய்நிரலாளர்களின் நேரம் மிச்சமானது.

ஆனால் நேரம் மிச்சமாவதைவிடப் பெரிய இலாபம் ஒன்று இருக்கிறது. துவிதத் தேடலை எடுத்துக்கொள்ளுங்கள். நடு இடத்தைக் காண, தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். எளிமையான வரி. ஜாவாவின் நூலகத்தில் இந்த வரிக்குள் ஒரு வழு சுமார் ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்தது. பட்டியல் நூறு கோடி அளவைத் தாண்டினால் அந்தக் கூட்டுத்தொகை 2,147,483,647 என்ற எல்லையைக் கடந்து மறைப் பெறுமானமாக மாறிவிடும். அந்தக் குறியீட்டை எழுதிய ஜோஷுவா பிளொக் 2006இல் இதைப் பகிரங்கமாக எழுதினார். நூலகத்தில் ஓரிடத்தில் திருத்தப்பட்டது; புதிய பதிப்பைப் பெற்ற அத்தனை பேருக்கும் திருத்தம் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொருவரும் அந்த வரியைத் தத்தமது செய்நிரலில் தனித்தனியாக எழுதியிருந்தால்? அந்த வழு ஆயிரம் இடங்களில் இருக்கும். யார் போய்த் திருத்துவது?

இங்கேதான் நாம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நகலெடுப்பது வேறு, மீள்பயன்பாடு வேறு.

இணையத்தில் கண்ட இருபது வரியை வெட்டி ஒட்டினால், அது அந்த நிமிடத்திலிருந்து அநாதை. மூலத்தில் பிழை திருத்தப்பட்டால் ஒட்டிய பிரதிக்குத் தெரியாது. யார் எழுதியது, எந்தப் பதிப்பு, என்ன அனுமதி என்று எந்தப் பதிவும் இல்லை. ஒரு கூறாகப் பாவித்தால், அதற்கு ஒரு பெயர் உண்டு, பதிப்பு இலக்கம் உண்டு, பராமரிப்பவர் உண்டு, அனுமதிப்பத்திரம் உண்டு. மூலத்துக்கும் நமக்கும் இடையில் கயிறு அறுபடவில்லை.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தரும் நிரலையும் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். சில நொடிகளில் ஐம்பது வரி கிடைக்கிறது. ஆனால் அதற்குப் பதிப்பு இல்லை, பராமரிப்பவர் இல்லை. நாளை அதில் வழு இருந்தால் திருத்தி அனுப்ப யாரும் இல்லை. அது கூறு அல்ல, நகல். அப்படி வந்த ஒவ்வொரு வரிக்கும் இனிமேல் பொறுப்பு அதை ஒட்டிய பிள்ளைதான். இதைப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

மீள்பயன்பாடு பெரிய நாடுகளின் ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். நமது நாட்டிலேயே இதற்கு இரண்டு பெருமையான உதாரணங்கள் உள்ளன.

2004 டிசம்பர் 26ஐ நம்மில் யார் மறப்போம்? கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை என்று கரையோரம் முழுக்கக் காணாமல்போனோரைத் தேடியலைந்த நாட்கள். எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், எங்கே என்ன தேவை என்று ஒரே இடத்தில் பார்க்க வழியில்லை. அந்த நேரத்தில் இலங்கையின் தகவல் தொழில்நுட்பத் துறைத் தன்னார்வலர்கள் சேர்ந்து "சஹானா" என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். காணாமல்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பதிவு என்று தனித்தனிப் பகுதிகளாக அது அமைந்தது. அவர்கள் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் எழுதவில்லை. இலவசமாகக் கிடைத்த திறந்த மூல அடித்தளங்களின் மேல்தான் கட்டினார்கள். இல்லையேல் அந்த அவசரத்தில் முடிந்திருக்காது.

அடுத்தது இன்னும் முக்கியம். அதைப் பூட்டி வைக்காமல் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அது பாவிக்கப்பட்டது. 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போது பாவிக்கப்பட்டது. 2010இல் ஹெயிட்டி பூகம்பத்தின்போது, பைதனில் மீண்டும் எழுதப்பட்ட வடிவம் உதவியது. நமது பிள்ளைகள் உயர்தரத்தில் படிக்கும் அதே பைதன். நமது கரையில் பட்ட காயத்துக்காக எழுதப்பட்டது, நாம் கண்டிராத ஊர்களில் மனிதர்களைத் தேட உதவியது.

இரண்டாவது, கொவிட் காலம். 2020 ஜனவரியில் வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பதிந்து கண்காணிக்க ஒரு முறைமை அவசரமாகத் தேவைப்பட்டது. நமது சுகாதார அமைச்சும் இங்குள்ள நிபுணர்களும் வெற்றுத்தாளில் தொடங்கவில்லை. 1990களில் தென்னாபிரிக்காவில் வேர்விட்டு, ஒஸ்லோ பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்து வளர்த்த டி.எச்.ஐ.எஸ்-2 என்ற திறந்த மூல சுகாதாரத் தகவல் முறைமையின் மேல் தேவையான பகுதியை அமைத்தார்கள். பின்னர் இலங்கையின் அந்த அனுபவத்தை அடியொற்றிப் பல நாடுகள் தமக்கான கொவிட் முறைமைகளை அமைத்துக்கொண்டன. எடுத்தோம், சேர்த்தோம், திருப்பிக் கொடுத்தோம்.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. மீள்பயன்பாட்டில் ஆபத்தும் இருக்கிறது. அந்த ஆபத்துக்குச் சரித்திரத்திலேயே விலையுயர்ந்த பாடம் 1996 ஜூன் 4ஆம் திகதி நடந்தது.

ஐரோப்பாவின் ஏரியன் 5 ரொக்கெட், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூவிலிருந்து தனது முதல் பயணத்தைத் தொடங்கியது. நாற்பது நொடிகூட ஆகவில்லை; வழி தவறி, உடைந்து, தன்னைத்தானே அழித்துக்கொண்டது. அதிலிருந்த நான்கு விஞ்ஞானச் செய்மதிகளும் போயின. விசாரணைக் குழு கண்ட காரணம்: ரொக்கெட்டின் திசையையும் அசைவையும் கணிக்கும் மென்பொருள், முந்தைய ஏரியன் 4இல் பல முறை நன்றாக வேலை செய்த அதே மென்பொருள். அதில் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் எண், 16 பிட் முழுவெண்ணாக மாற்றப்படுகிறது. 16 பிட்டுக்குள் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. ஏரியன் 4இன் வேகத்துக்கு அது போதும். ஏரியன் 5இன் பாதையில் கிடைமட்ட வேகம் மிக அதிகம். எண் அடங்கவில்லை, கணினி நின்றது. மாற்றுக்கு இருந்த இரண்டாவது கணினியிலும் அதே மென்பொருள்தான். அதுவும் அதே காரணத்தால் நின்றது. இன்னும் வேதனை என்னவென்றால், அந்தக் குறிப்பிட்ட கணிப்பு ஏரியன் 5 தரையை விட்டு எழும்பிய பிறகு தேவையே இல்லை. பழைய ரொக்கெட்டில் இருந்தது, அப்படியே வந்துவிட்டது.

நிரல் பிழையா? பழைய இடத்தில் அது சரி. இடம் மாறியபோது, "இங்கேயும் சரியா?" என்று யாரும் சோதிக்கவில்லை.

இதே பாடத்தை ரொக்கெட் இல்லாமலே நமது வகுப்பில் காட்டலாம். மேலே புகழ்ந்த அதே பைதன் வரிசைப்படுத்தலைக் கொண்டு தமிழில் எழுதிய இடாப்பை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். றிஸ்வான், லாபிர், வஸீர் என்று வரும். நமது அகரவரிசையில் ல, வ ஆகியவற்றுக்குப் பிறகுதான் ற வர வேண்டும், றிஸ்வான் கடைசி. ஏன் இப்படி? பைதன் எழுத்துகளின் யூனிகோட் இலக்கத்தைப் பார்த்து வரிசைப்படுத்துகிறது; அந்த இலக்க வரிசையில் ற, ல-வுக்கு முன்னால் இருக்கிறது. ஆங்கிலப் பெயர்களுக்குப் பொருந்திய கூறு, தமிழ் இடாப்புக்கு அப்படியே பொருந்தவில்லை. இதற்கும் தீர்வு இன்னொரு கூறுதான்: மொழிவாரியான வரிசை விதிகளை அறிந்த ஐ.சி.யூ என்ற நூலகம். ஆனால் பிரச்சினை இருப்பதைக் கண்டுபிடிக்க, தமிழ் அகரவரிசை தெரிந்த ஒரு பிள்ளை விடையைப் பார்த்து "இது பிழை" என்று சொல்ல வேண்டும். எந்த நூலகமும் அந்தக் கண்ணைத் தராது.

இன்னும் இரண்டு சம்பவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2016 மார்ச்சில், ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் களஞ்சியமான என்.பி.எம்மிலிருந்து "லெஃப்ட்-பேட்" என்ற பொதியை அதை எழுதியவர் ஒரு தகராறு காரணமாக அகற்றினார். வெறும் 11 வரி; ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் இடைவெளி நிரப்பும் வேலை. அதை நம்பியிருந்த பெரிய மென்பொருள்களைக் கட்டியெழுப்பும் பணி உலகெங்கும் சில மணிநேரம் தடைப்பட்டது. 2021 டிசம்பரில் "லொக்4ஜே" என்ற ஜாவா கூறில் மிகக் கடுமையான பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. பல நிறுவனங்களுக்கு ஓட்டையை அடைப்பதைவிடக் கஷ்டமாக இருந்த வேலை, அந்தக் கூறு தமது முறைமைகளில் எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. பாவித்ததை எழுதி வைக்காத வீட்டில் கசிவு எங்கே என்று தேடுவதுபோல.

அப்படியானால் ஏன் எல்லோரும் நல்ல கூறுகளை எழுதிக் குவிப்பதில்லை? காரணம் செலவு. ஐ.பி.எம்மின் பெரிய இயக்க முறைமைத் திட்டத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ், 1975இல் வெளியான தனது நூலில் ஒரு கணக்குச் சொன்னார். தனக்காக எழுதும் செய்நிரலை, பிறரும் பாவிக்கும்படி சோதித்து, விளக்கம் எழுதி, பொதுமைப்படுத்தினால் குறைந்தது மூன்று மடங்கு செலவு. அதை மற்றக் கூறுகளோடு பொருந்தி இயங்கவும் வைத்தால் ஒன்பது மடங்கு. எழுதுபவர் இன்று ஒன்பது மடங்கு உழைக்கிறார். இலாபம் நாளை வேறு யாருக்கோ. ஆகவே நாம் இலவசமாக எடுக்கும் ஒவ்வொரு கூறுக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் உழைப்பு இருக்கிறது. அவரது பெயரைக் குறிப்பிடுவதும், அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையை மதிப்பதும் வெறும் சம்பிரதாயம் அல்ல, கடன்.

இனி நமது வகுப்பறைக்கு வருவோம். நாம் முன்வைக்கும் யோசனைகள் இவை.

முதலாவது, அடிப்படைகளை ஒருமுறை கையால் எழுதத்தான் வேண்டும். "எல்லாம் நூலகத்தில் இருக்கு, எதுக்கு சேர் படிக்கணும்?" என்று கேட்கும் பிள்ளைக்கு நமது பதில்: கல்குலேட்டர் வந்த பிறகும் வாய்ப்பாடு படிக்கிறோம். குமிழி முறையைத் தன் கையால் எழுதிய பிள்ளைக்குத்தான் பைதனின் கட்டளை எவ்வளவு பெரிய உதவி என்றும், அது எங்கே தவறக்கூடும் என்றும் புரியும். பயிற்சிக்கு எழுதுவது வேறு, செயற்றிட்டத்துக்குக் கட்டுவது வேறு. இரண்டையும் பிள்ளைகளிடம் பிரித்துச் சொல்வோம்.

இரண்டாவது, செயற்றிட்டத்தைத் திருத்தும்போது "நீயே எழுதினதா?" என்பதற்குப் பதிலாக நான்கு கேள்விகள் கேட்போம். எங்கிருந்து எடுத்தாய்? என்ன நிபந்தனையில் தந்திருக்கிறார்கள்? உள்ளே என்ன நடக்கிறது என்று உன் வார்த்தையில் சொல்? உனது தேவைக்குப் பொருந்துகிறதா என்று எப்படிச் சோதித்தாய்? நான்குக்கும் பதில் சொல்லும் பிள்ளைக்கு முழுப்புள்ளி. பதில் சொல்ல முடியாத பிள்ளை, அதை இணையத்திலிருந்து எடுத்தாலும் பக்கத்து மேசையிலிருந்து எடுத்தாலும், நகலெடுத்த பிள்ளைதான். களவுக்கும் கல்விக்கும் இடையிலான கோடு இங்கே தெளிவாகிவிடுகிறது.

மூன்றாவது, பிறருக்காக ஒரு கூறை எழுதும் அனுபவத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். ஒவ்வொரு தவணையும் புள்ளிப் பட்டியல் தயாரிக்க ஆசிரியர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். பாடசாலைக்கு ஒரு எக்செல் கோப்பு, அதே பாடசாலையில் பகுதிக்கு ஒன்று. மொத்தம், சராசரி, நிலை காணும் ஒரு சிறிய பைதன் கூறை இவ்வருட உயர்தரப் பிரிவு எழுதட்டும். பரீட்சைக்கு வராத பிள்ளைக்குப் பூச்சியமா, வெற்றிடமா? இருவர் மூன்றாம் நிலையைப் பகிர்ந்தால் அடுத்தவர் நான்காம் நிலையா, ஐந்தாம் நிலையா? தமிழ்ப் பெயர்கள் சரியாக வரிசைப்படுகின்றனவா? இவற்றையெல்லாம் சோதித்து, எப்படிப் பாவிப்பது என்று ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும். அடுத்த வருடப் பிரிவு அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதாமல், அதையே எடுத்துத் திருத்தி வளர்க்கட்டும். புரூக்ஸ் சொன்ன மூன்று மடங்கு என்னவென்று அப்போது புத்தகம் இல்லாமலே விளங்கும்.

நான்காவது, இதை ஒரு பாடசாலைக்குள் பூட்டி வைக்காமல் வலயத்திலுள்ள மற்றக் கணினி ஆசிரியர்களோடு பகிர்வோம். ஒரு நல்ல பயிற்சித்தாளையோ வினாத்தாளையோ நாம் ஏற்கெனவே வட்ஸ்அப்பில் பகிர்கிறோம். நிரலையும் அப்படிப் பகிர்ந்தால் என்ன? எழுதிய பிள்ளைகளின் பெயர் அதில் இருக்கட்டும். தாம் எழுதியது வேறொரு பாடசாலையில் ஓடுகிறது என்று கேள்விப்படும் பிள்ளைக்குக் கிடைக்கும் உற்சாகத்தை எந்தப் பரிசளிப்பு விழாவும் தராது.

நமது பிள்ளைகள் போட்டியிடப் போவது உலகத்தோடு. அந்த உலகில் கெட்டிக்காரர் என்பவர் அதிக வரி எழுதுபவர் அல்ல. எதை எழுத வேண்டியதில்லை என்று தெரிந்தவர், எடுத்ததைப் புரிந்து சோதிப்பவர், எடுத்த இடத்துக்கு ஏதாவது திருப்பிக் கொடுப்பவர். அந்தப் பழக்கத்தைப் பல்கலைக்கழகம் கற்றுக்கொடுக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தரம் 12இலேயே தொடங்கலாம்.

புள்ளிப் பட்டியல் கூறு பற்றிய யோசனையில் ஆர்வமுள்ள ஆசிரியர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். மாற்றுக் கருத்துள்ளவர்களும் தாராளமாக எழுதுங்கள். அடுத்த தவணைக்கு முன் இரண்டு மூன்று பாடசாலைகளாவது சேர்ந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.